வலி நின்ற பல்லும் வேர் சிகிச்சையும்

நாட்கணக்கில் வலித்த சொத்தைப் பல் திடீரென்று அடங்கிவிட்டால் நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம். பல்லின் கடினமான மேலுறையான எனாமலுக்கும், அதற்கு அடுத்த அடுக்கான டென்டினுக்கும் உட்புறத்தில் நரம்பும் ரத்தக் குழாய்களும் கலந்த பற்கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கியதும் கிருமிகள் புகுந்து, வீங்குவதற்கு இடமில்லாத அந்தக் கூழ் நசுங்கி அழுகத் தொடங்குகிறது. குளிர்ந்த நீரை விழுங்கிய பிறகும் நீடிக்கும் கூச்சம், படுத்தால் கூடும் விண்விண் வலி, ஈறில் தோன்றும் சீழ்க்கொப்புளம் ஆகியவை இதைக் காட்டிக்கொடுக்கும். ரத்த ஓட்டம் அற்றுப்போன கூழுக்குள் ஆன்டிபயாடிக் போய்ச் சேராது என்பதால் மாத்திரையால் மட்டும் இது தீராது. கெட்ட கூழை அகற்றி உள்ளே அடைக்கும் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும்.

முதலில் எக்ஸ்ரே எடுத்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். கடுமையாக அழற்சியுற்ற கீழ்க் கடைவாய்ப் பல் சில நேரம் ஓர் ஊசிக்கு மசியாது. வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் கையை உயர்த்துங்கள், இன்னும் மருந்து போடலாம். எச்சில் படாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டிய பின், மேலே துளையிட்டு, ஃபைல் எனப்படும் மெல்லிய கம்பிகளால், வேருக்குள் கூழ் இருக்கும் குழாய் போன்ற கால்வாய்களைச் சுரண்டுவார்கள். கம்பியின் பிடி நிறமே அதன் நுனியின் தடிமனைச் சொல்லும்: வெள்ளை 0.15 மி.மீ., மஞ்சள் 0.20, சிவப்பு 0.25. இடையிடையே ஊற்றிக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் நீச்சல் குளத்து வாடை அடிக்கும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய்தான். மேல் முதல் கடைவாய்ப் பல்லிலோ நான்காவது ஒன்று ஒளிந்திருப்பது வழக்கம், அதைத் தவறவிட்டால் தொற்று திரும்பும். ஆகவே நேரம் பிடிக்கிறதே என்று மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள். சுத்தமான கால்வாய்களை கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைப்பார்கள்; சீழ் அதிகமிருந்தால் நடுவில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமி அடக்கும் மருந்தை வைத்து, மறுமுறை வரச் சொல்வதும் உண்டு.

அடுத்த சில நாள் கடித்தால் லேசாக வலிப்பது இயல்பு. பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான்: வலி இல்லையே என்று, பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். சொத்தையாலும் துளையாலும் ஏற்கெனவே பலம் குறைந்த கடைவாய்ப் பல் அப்படியே பிளந்துபோகக்கூடும். பிளவு வேர்வரை ஓடினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப் போடும்வரை மறுபக்கத்தில் மெல்லுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே பரவி, காய்ச்சலோ விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் சிரமமோ ஏற்பட்டால், அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.