ஃப்ளை ராடு வீசப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரணத் தூண்டிலில் நாம் எறிவது ஈயக்குண்டை. குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னாலேயே போகும். ஃப்ளை ராடு என்ற தூண்டில் கம்பில் அப்படி இல்லை. முனையில் இருப்பது ‘ஃப்ளை’, அதாவது இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்ன முள், அதற்கு எடை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இங்கே பறப்பது லைன் என்ற கனமான தூண்டில் கயிறுதான். லைனின் எடையை நம்பரால் குறிப்பார்கள்; 5-ஆம் நம்பர் லைனில் முதல் 30 அடியின் எடை சுமார் 9 கிராம். அந்த எடை ராடை வளைக்கிறது, வளைந்த ராடு நிமிரும்போது லைன் கிளம்புகிறது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல், இதை மறந்து குண்டு எறிவதுபோல எறிவதால் வருபவை.

முதலில் எதைத் திருத்துவது? பலரும் மணிக்கட்டைச் சொல்வார்கள். நான் காத்திருக்காத பழக்கத்தைச் சொல்வேன். லைனைப் பின்னால் அனுப்பியதும் அது காற்றில் ஒரு வளையமாக விரிந்து நீளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டு முன்னால் வீசினால் பின்னால் ‘பட்’டென்று சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும். ஃப்ளை அறுந்து போவதும் அப்போதுதான். ரொம்பத் தாமதித்தாலும் ஆகாது, லைன் தொய்ந்து புல்லில் விழுந்துவிடும். மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ எண்ணச் சொல்வது உண்டு. ஆனால் வெளியே விட்டிருக்கும் லைன் நீள நீள, காத்திருக்கும் நேரமும் கூடும். அதனால் எண்ணுவதை விடக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதே மேல். வலது கைக்காரர் வலது காலைச் சற்றுப் பின்னால் வைத்து, உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் பின்னால் போகும் லைன் முழுதாகத் தெரியும். வளையம் கிட்டத்தட்ட நிமிரும் நேரத்தில் முன்வீச்சைத் தொடங்கலாம்.

அடுத்தது நிறுத்தம். ராடின் நுனி எந்தப் பக்கம் போகிறதோ லைனும் அந்தப் பக்கம்தான் போகும். தலைக்கு மேலே சற்றுத் தாண்டியதும் நிறுத்த வேண்டிய ராடை, பலர் தோளுக்குப் பின்னால் தரையை நோக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். லைனும் தரைக்குப் போகிறது. ஈரக்கையை உதறும்போது கை சட்டென்று நிற்பதால்தானே நீர் தெறிக்கிறது? அதே மாதிரி ராடும் மெதுவாகக் கிளம்பி, வேகம் கூடி, சட்டென்று நிற்க வேண்டும். முன்னால் 10 மணி, பின்னால் 1 மணி என்று கடிகார முள்ளை வைத்துச் சொல்லித் தருவார்கள். குறைந்த லைனுக்கு அது சரி. லைன் கூடும்போது ராடு போய்வரும் தூரமும் கூட வேண்டும்.

இந்த நிறுத்தத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மணிக்கட்டு. ராடின் அடிப்பகுதிக்கும் முன்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பின்வீச்சின் முடிவில் அது அகலத் திறந்தால் மணிக்கட்டு மடங்குகிறது என்று அர்த்தம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ராடின் அடியை அந்தக் கைப்பட்டிக்குள் செருகிக் கொஞ்ச நேரம் வீசிப் பாருங்கள். முழங்கையும் முன்கையும் வேலை செய்ய ஆரம்பிக்கும். கட்டைவிரல் பிடியின் மேல் இருக்கட்டும்.

பலம் போட்டால் தூரம் போகும் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப் என்ற பெண் 1951-இல் ஆண்களோடு மோதி, தூரமாக வீசும் போட்டியில் ஜெயித்தார். தொடக்கத்திலேயே முழு பலத்தையும் கொட்டினால் ராடு திடீரென்று வளைந்து நுனி கீழே இறங்கும். வளையத்தின் மேல் பக்கம் கீழ் பக்கத்தோடு சிக்கி, லீடரில் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பில்) சின்னச் சின்ன முடிச்சு விழும். இதைக் ‘காற்று முடிச்சு’ என்பார்கள், காற்றுக்கு இதில் பெரிதாகப் பங்கு இல்லை. இப்படி விழுந்த முடிச்சு நரம்பின் பலத்தை வெகுவாகக் குறைக்கும். அதனால் அவ்வப்போது லீடரை விரலால் தடவிப் பார்த்து, முடிச்சு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

லைன் தொய்ந்து கிடக்கும்போதே வீச ஆரம்பிப்பதும் அடிக்கடி பார்க்கும் தவறு. வீச்சின் முதல் பாதி தொய்வை இழுக்கவே செலவாகிவிடும். நுனியைத் தரைக்கு அருகே கொண்டுவந்து, தொய்வை எடுத்துவிட்டு, அப்புறம் தூக்குங்கள். 10 அடி லைனை மட்டும் வெளியே விட்டு வீசிப் பழகுபவர்களும் உண்டு. அந்த எடைக்கு ராடு வளையவே வளையாது. 25 முதல் 30 அடி வரை வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, தண்ணீரில் இறக்காமல் காற்றிலேயே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பது பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பிழை சேரும், மீனும் மிரளும். இரண்டு, மூன்று தடவை போதும்.

ராடும் லைனும் ஒரே நம்பராக இருக்கட்டும். தொடங்க 9 அடி, 5-ஆம் நம்பர் நல்லது. சிமென்ட் தரையிலோ தார் ரோட்டிலோ பழகினால் லைனின் மேல்பூச்சு தேய்ந்துவிடும், புல்வெளிதான் சரி. லீடரைக் கட்டாயம் மாட்டி, நுனியில் முள்ளுக்குப் பதில் பளிச்சென்ற கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். முள் மாட்டும் நாளில் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசவே கூடாது. மேலே மின்கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்பன் ஃபைபர் ராடு மின்சாரம் கடத்தும்.

பின்னால் மரமும் புதரும் நெருங்கிய இடத்தில் இந்தத் தலைக்கு மேல் வீச்சு உதவாது. 1907-இல் ட்ரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் வந்த நீலகிரி அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகள் போன்ற இடங்களுக்கு (அங்கே அனுமதி வாங்காமல் தூண்டில் போடக் கூடாது) ரோல் காஸ்ட் தெரிந்திருக்க வேண்டும். அதில் லைனைப் பின்னால் பறக்கவிடாமல் தண்ணீர் மேலேயே இழுத்து வந்து, தோளுக்குப் பின்னால் ஒரு தொங்கலாக நிறுத்தி, அங்கிருந்து முன்னால் உருட்டிவிட வேண்டும். இதைப் புல்லில் பழகிவிட்டு ‘எனக்கு வரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். லைனின் நுனியைத் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் ராடு வளையும். குளமோ கால்வாயோ, ஏதாவது ஒரு தண்ணீரில்தான் இதைப் பழக வேண்டும்.