நின்றுபோன உதவித்தொகையைத் திரும்பப் பெற்ற விதம்

அம்மாவின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும், அதை ஒட்டி எனக்கு வந்துகொண்டிருந்த பராமரிப்பாளர் படியும் ஒரே கடிதத்தில் நின்றுபோயின. சொன்ன காரணம் ஒரே வரி: 'உதவியின்றி நடக்க முடிகிறது.'

ஆதாரம் சேரும்வரை காத்திருக்காமல், 'ஆவணங்கள் பின்னர் வரும்' என்று எழுதி மேல்முறையீட்டு மனுவை முதலில் போட்டுவிட்டேன். கெடு தாண்டினால் வழக்கைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, தாமதத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். அப்புறம் மதிப்பீட்டு அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கினேன். விஷயமே அதில்தான் இருந்தது. அம்மா அறைக்குள் நாலடி நடந்ததை எழுதியிருந்தார்கள். உடனே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டாக்டரிடம் புதுக் கடிதம் கேட்டேன். நோயின் பெயர் ஃபைலில் ஏற்கெனவே இருக்கிறது, அது போதாது. திரும்பத் திரும்ப நடக்க முடியுமா, விழாமல் நடக்க முடியுமா, எவ்வளவு நேரமாகும் என்று எழுதித் தரச் சொன்னேன். இரவில் திருப்பிப் படுக்க வைப்பது, குளியலறையில் பிடித்துக்கொள்வது எல்லாம் நேரத்தோடு குறித்த நோட்டின் நகலையும் சேர்த்தேன். அறிக்கையின் எந்தப் பத்திக்கு எந்த ஆதாரம் என்று ஓரத்தில் எண் போட்டேன். (முழுதாகப் படிப்பார்கள் என்பது நம் ஆசை.)

விசாரணையில் அந்த எண்களை வைத்துத்தான் கேள்வி கேட்டார்கள். முடிவு மாறியது, நிலுவையும் வந்தது. பராமரிப்பாளர் படி மட்டும் தானாகத் திரும்பவில்லை. அதற்குத் தனி மனு போட வேண்டியிருந்தது.