பழைய கட்டிடத்துக்குப் புது வேலை: ஊட்டியில் செய்யக்கூடாதவை

பழைய கட்டிடத்துக்குப் புது வேலை கொடுப்பது ஊட்டிக்குப் புதிதல்ல. கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் தனக்காகக் கட்டிய கல் பங்களா, பிறகு அரசு கலைக் கல்லூரியின் கைக்கு வந்தது. இப்போது இதுபோன்ற பழைய பங்களா கைக்கு வந்தால், கீழே கஃபே, மேலே நூலகம், பக்கத்தில் கைவினைக் கடை என்று திட்டம் போடுகிறார்கள். பெரும்பாலும் முதலில் சறுக்குவது சிமெண்டில்.

பூச்சு உதிர்ந்த சுவரைப் பார்த்ததும் "சிமெண்ட் பூசிடலாம் சார்" என்பார் மேஸ்திரி. ஒரு ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் காரை. மழையும் மூடுபனியும் சுவருக்குள் ஏற்றும் ஈரம் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நிற்கும். நான் பார்த்த ஒரு கட்டிடத்தில், சிமெண்ட் பூசிய இரண்டாவது மழைக்காலத்திலேயே உட்சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்துவிட்டது. சுவருக்குள் செருகியிருந்த உத்திரத்தின் முனை அதைவிட மோசம்: பார்வைக்குத் தேக்கு, விரலால் அழுத்தினால் ஊறிய பிஸ்கட். மறுபடி சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். காய்வதற்குச் சில வாரம் கூடுதலாகும். ஏப்ரல், மே சீசனுக்குள் திறந்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் இதை விட்டுவிடுகிறார்கள்.

கணப்பையும் அடைக்காதீர்கள். நெருப்பு மூட்டாவிட்டாலும் புகைபோக்கி வழியாக அறைக்காற்று மேலே போய்க்கொண்டிருக்கும். அதை மூடி, ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சரி, நூலகம் ஏன் மாடியில்? வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு வைப்பது வழக்கம். புத்தக அடுக்கு நிற்கும் அறைக்கு 600 கிலோவுக்குக் குறையாது. பழைய மரத்தளம் அதற்குப் போட்டதல்ல. புத்தகம் கீழே வரட்டும், மாடிக்கு நாலு மேசை போட்ட அலுவலகம் போதும். கஃபேயின் அடுப்படியைப் பின்னால் தனியாகக் கட்டுங்கள். அந்தக் கால பங்களாக்களிலும் சமையற்கட்டு தள்ளித்தான் இருந்தது. ஆனால் எதையும் புதிதாகக் கட்டுவதற்கு முன் மலைப்பகுதிக் கட்டிட விதிகளைப் பார்த்துவிடுங்கள். சமவெளியில் செல்லும் வரைபடம் இங்கே செல்லாது.

அப்புறம், கழற்றிய மரத்தைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. உளுத்த முனையை மட்டும் வெட்டிவிட்டால், மிச்சம் கதவு நிலைக்கு ஆகும்.