அகதிகளுக்கு உதவப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், ஒரு குடும்பத்தின் புகலிட விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைச் சென்ற மாதம் அருகிலிருந்து பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையை அவரும் அதே அவசரத்தோடும் அதே நல்லெண்ணத்தோடும் செய்தார். நேரம் தவறாமை, பணிவான பேச்சு போன்றவற்றை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிறந்த தேதியை மனக்கணக்கில் மாற்றுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக வந்த ஒரு பையன், தான் 1380ஆம் ஆண்டின் பத்தாம் மாதம் 20ஆம் நாள் பிறந்ததாகச் சொன்னான். அவன் சொன்னது அவன் நாட்டில் புழங்கிய சூரிய ஹிஜ்ரி நாட்காட்டியின்படி. 621ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்த நான், 2001 ஜனவரி 10 என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அந்த நாட்காட்டியில் ஆண்டு மார்ச் 21ஐ ஒட்டித் தொடங்குவதால், பத்தாம் மாதத்தின் பிற்பகுதி அடுத்த ஆண்டின் ஜனவரிக்குள் விழும். சரியான தேதி 2002 ஜனவரி 10. அவனுக்கு 18 நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை, 18 வயதுக்குக் கீழுள்ளவரைக் குழந்தை என்கிறது. என் பேனா அவனைப் பெரியவனாக்கிவிட்டதால், தங்குமிடம், பள்ளி, காப்பாளர் என அவனுக்குரிய எல்லாமே கைவிட்டுப் போகும் நிலை வந்தது.

அதைத் திருத்தப் போனபோதுதான் உண்மையான சேதம் தெரிந்தது. முதலில் ஒரு தேதி, பிறகு வேறொரு தேதி என்றால், விசாரிக்கும் அதிகாரி அதைக் கூட்டல் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. முன்னுக்குப் பின் முரணான வாக்குமூலம் என்றே குறித்துக்கொள்கிறார். கணக்கைத் தப்பாகப் போட்டவன் நான், பொய்யன் என்ற பெயர் அவனுக்கு. அந்த ஓர் எண்ணை நேராக்க ஏழு மாதங்கள் ஆயின.

எத்தியோப்பிய நாட்காட்டியிலும் இதே வம்புதான். அதில் ஆண்டுக்கு 13 மாதங்கள். நம் ஆண்டைவிட ஏழோ எட்டோ குறைவாக எண்ணப்படும். எது என்பது செப்டம்பரில் பிறக்கும் அவர்களது புத்தாண்டுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது. ஆகவே விண்ணப்பிப்பவர் சொன்ன தேதியை அவர் சொன்ன நாட்காட்டியிலேயே முதலில் எழுதுங்கள், மாற்றிய தேதியை அதன் பக்கத்தில் எழுதுங்கள், மாற்றியவர் யார் என்பதையும் குறியுங்கள். வழியில் வேறெங்காவது பதிவு செய்திருந்தால் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் முழு விண்ணப்பத்தையும் மொழிபெயர்ப்பாளர் வழியாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிறந்த நாள் தெரியாத பலருக்கு ஜனவரி 1 என்றே பதிவாகியிருக்கும். ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு அப்படி இருந்தாலும், 'அழகாக' இருக்கட்டும் என்று நீங்களாக வேறு தேதி சூட்டாதீர்கள்.

பெயருக்கும் இது பொருந்தும். தந்தை பெயரை ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் நடுப்பெயராகவும் எழுதினால், தாள்களில் ஒருவரே இருவராகிவிடுவார்.

தூதரகத்துக்கு அனுப்புவது

வேலைக்கோ படிப்புக்கோ குடியேறியவரின் கடவுச்சீட்டு காலாவதியானால், அவரது நாட்டுத் தூதரகத்துக்குப் போகச் சொல்வது சரியான யோசனை. அகதிக்கு அதையே சொல்வது ஆபத்து. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் முதற்பிரிவு, சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தன் விருப்பத்தின் பேரில் மீண்டும் நாடியவருக்கு அகதி நிலை முடிவுக்கு வரலாம் என்கிறது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தது அதற்குச் சான்றாகக் கொள்ளப்படலாம். ஊரில் விட்டுவந்த உறவினரின் இருப்பிடமும் அதனால் வெளிப்படக்கூடும். அதே உடன்படிக்கையின் 28ஆம் பிரிவின்படி, அகதிக்கு அடைக்கலம் கொடுத்த நாடே பயண ஆவணம் வழங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள், தூதரகத்துக்கு அல்ல.

கதையைக் கேட்பது

விண்ணப்பத்துக்கும் சிகிச்சைக்கும் தேவையானதைத் தவிர வேறெதையும் கேட்காதீர்கள். ஒரே கொடுமையை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்ல வைத்துவிட்டு, அவர் ஏன் அடுத்த வாரம் வரவில்லை என்று வியந்த குழுவில் நானும் இருந்தேன்.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது

கனடாவில் 1979 முதல் நடைமுறையில் உள்ள தனியார் பொறுப்பேற்புத் திட்டத்தில், ஐந்து குடிமக்கள் கொண்ட குழுகூட ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்க முடிந்தது (அத்தகைய குழுக்களின் புதிய விண்ணப்பங்கள் 2024 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன). அந்தப் பொறுப்பு பொதுவாக ஓராண்டுக்கு. அப்படி முடியும் நாளொன்று உண்டு என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. வங்கிக்கு முதல் முறை கூடவே போங்கள், இரண்டாம் முறை வாசலில் நில்லுங்கள், மூன்றாம் முறை வீட்டிலேயே இருங்கள்.

குழந்தையை மொழிபெயர்க்க வைப்பது

தாயின் நோயைப் பற்றி மருத்துவர் சொல்வதை ஒன்பது வயதுக் குழந்தை வாயால் கேட்க வைக்காதீர்கள்.

படம் எடுப்பது

எடுக்காதீர்கள்.