நெற்கணக்கோடு பைத்தான்: வகுப்புக்குப் போகாமல் நிரல் எழுதத் தொடங்குவது

ஒட்டுசுட்டானிலோ விசுவமடுவிலோ இருந்துகொண்டு, கணினி வகுப்புக்காக ரவுணுக்கு பஸ் ஏறிப் போய்வருவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. போகாமலும் பழகலாம். ஒரு பழைய லப்டொப், ஒருமுறை தரவிறக்குவதற்கான டேட்டா, உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கணக்கு. இவ்வளவும் போதும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். வீடியோ பார்த்து அதில் உள்ளதை அப்படியே அடிப்பவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தங்கள் கணக்கோடு வந்தவர்களுக்கு விடை வரும்வரை விட மனம் வராது. இங்கே நாம் எடுப்பது அரிவு வெட்டு முடிந்ததும் வீட்டில் பார்க்கிற நெற்கணக்கு.

மொழி பைத்தான். வேறு மொழிகளை ஒப்பிட்டு ஒரு கிழமையைக் கழிக்க வேண்டாம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இருப்பதும் இதுதான் என்பதால், ஊரில் அந்தப் பாடம் எடுக்கும் பிள்ளை ஒருவர் இருந்தாலே உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1991 இல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட மொழி இது; இதன் பழைய 2 ஆம் வரிசைக்கான பராமரிப்பு 2020 உடன் நின்றுவிட்டது. திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் யாராவது எழுதிக் காட்டினால் அது அந்தப் பழைய வரிசை. அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள்.

எழுதும் கருவியாக நான் சொல்வது தொன்னி. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்க மாணவர்களுக்காகவே உருவானது. பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாக நிறுவத் தேவையில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். விஎஸ் கோட் நல்ல கருவிதான், ஆனால் முதல் மாதத்துக்கு அதில் பொத்தான்கள் அதிகம். லப்டொப்பே இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 போடலாம்.

சரி, தொன்னியைத் திறந்து, புதிய கோப்பை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். மாரி காலத்தில் இடி முழங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பழைய லப்டொப் பற்றரியை நம்ப முடியாது. ஒவ்வொரு வரி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்தப் பழகுங்கள்.

பைத்தானில் நாமே வைக்கும் பெயர்களைத் தமிழில் வைக்கலாம். தொடக்கத்தில் அப்படித்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் இருப்பது பைத்தானின் சொல், தமிழில் இருப்பது நான் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் பிரிந்து தெரியும். இந்தப் பதிவில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் பிரின்ட், இன்புட், இன்ட், ஃபுளோட், இஃப் ஆகிய ஐந்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெயருக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது.

மேல்வயல் = இன்புட்("மேல் வயலில் எத்தனை மூட்டை? ")
கீழ்வயல் = இன்புட்("கீழ் வயலில் எத்தனை மூட்டை? ")
பிரின்ட்(மேல்வயல் + கீழ்வயல்)

எஃப்5 அழுத்துங்கள், நிரல் ஓடும். கேட்கும்போது 12 என்றும் 8 என்றும் கொடுங்கள். விடை 20 அல்ல, 128.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் இது. பாடங்கள் பலவற்றில் ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். நாம் இங்கே கொஞ்சம் நிற்போம். நிரலில் எந்தப் பிழையும் இல்லை, சிவப்பு எழுத்தில் எதுவும் வரவில்லை, ஆனாலும் விடை தவறு. காரணம், இன்புட் நம்மிடம் வாங்குவது எதுவானாலும் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். நாம் அடித்தது அதற்குப் பன்னிரண்டு அல்ல; 1 என்ற எழுத்தும் 2 என்ற எழுத்தும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பைத்தான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். 12 உடன் 8 ஒட்டி 128.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வியூ பட்டியலில் வேரியபிள்ஸ் என்பதைத் தெரிவு செய்தால் வலப்பக்கம் ஒரு சிறு அட்டவணை திறக்கும். அதில் மேல்வயலுக்கு நேரே '12' என்று மேற்கோள் குறியோடு இருக்கும். அந்தக் குறி இருந்தால் எழுத்து, இல்லாவிட்டால் எண். தொன்னியை நான் விடாமல் சொல்வதற்கு இந்த அட்டவணை ஒன்றே போதும்.

இப்போது முதல் வரியை இப்படி மாற்றுங்கள்:

மேல்வயல் = இன்ட்(இன்புட்("மேல் வயலில் எத்தனை மூட்டை? "))

இன்ட் என்பது ஐ, என், ரி என்று மூன்றே எழுத்து. எழுத்தை வாங்கி முழு எண்ணாக மாற்றித் தரும். கடைசியில் அடைப்புக்குறி இரண்டு இருப்பதைப் பாருங்கள். திறந்தது இரண்டு, மூடுவதும் இரண்டு. இரண்டாவது வரியையும் மாற்றி ஓட்டினால் 20 வரும். அட்டவணையில் மேற்கோள் குறியும் போயிருக்கும். ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டியும் பாருங்கள். எண்ணையும் எழுத்தையும் கூட்ட முடியாது என்று பைத்தான் மறுக்கும். அந்தச் சிவப்புச் செய்தியில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது நிபந்தனை. இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மொத்தம் = மேல்வயல் + கீழ்வயல்
இஃப் மொத்தம் >= 20:
    பிரின்ட்("லொறி பிடிக்க வேண்டும்")

வரி முடிவில் முக்காற்புள்ளி போட்டு என்டர் தட்டினால் தொன்னியே அடுத்த வரியை நான்கு இடம் உள்ளே தள்ளும். அந்த இடைவெளியை அழிக்காதீர்கள். எந்த வரி நிபந்தனைக்குள் அடங்கும் என்பதைப் பைத்தான் அதை வைத்தே முடிவு செய்கிறது.

இங்கிருந்து மொத்தத்தை மூட்டை விலையால் பெருக்கி, வரும் காசிலிருந்து உழவுக் கூலி, பசளை, வெட்டுக் கூலி என்று ஒவ்வொன்றாக நீங்களே சேர்த்துக் கழியுங்கள். புதிய பாடம் தேடுவதற்கு முன் இந்த ஒரு நிரலை உங்கள் வீட்டுக் கணக்கு முழுவதையும் செய்யும் அளவுக்கு வளர்த்தெடுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு தங்கச்சி மூட்டையின் நிறையாக 65.5 என்று கொடுத்ததும் நிரல் நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். இன்ட் முழு எண்ணாக எழுதியதை மட்டுமே ஏற்கும். நிறைக்கும் விலைக்கும் ஃபுளோட் போடுங்கள். எஃப், எல், ஓ, ஏ, ரி. 20 மூட்டையை 65.5 ஆல் பெருக்க 1310.0 என்று வரும், அந்தத் தசமப் புள்ளி இருப்பது சரிதான்.

இன்னொன்று: விண்டோஸ் 7 உள்ள பழைய இயந்திரத்தில் புதிய தொன்னி நிறுவ மறுக்கும். தரவிறக்கப் பட்டியலில் பைத்தான் 3.8 உடன் வரும் பிரதியை எடுங்கள், இந்தப் பதிவில் உள்ள எல்லாம் அதிலும் ஓடும். வேர்டில் எழுதி ஒட்டுபவர்களுக்கு, மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறி, செல்லாத எழுத்து என்று பிழை வரும். அந்தக் குறிகளை அழித்துவிட்டுத் தொன்னிக்குள்ளேயே மறுபடி அடியுங்கள்.