பொடி வாங்கும் முன் யூரினைக் கொடுங்கள்

திண்டுக்கல்லில் அப்பா வைத்த நாட்டு மருந்துக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது, “அண்ணே, சர்க்கரையும் குறையணும், கிட்னியையும் காப்பாத்தணும், ஒரு பொடி கொடுங்க” என்று வந்து நிற்பார்கள். யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தீர்களா என்பேன். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு பார்த்த சீட்டை நீட்டுவார்கள்.

அது போதாது. கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகம் பாதி வேலையை இழந்திருக்கலாம். காலையில் போகும் முதல் சிறுநீரை லேபில் கொடுத்து, ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தின் வடிகட்டி ஒழுகத் தொடங்கியிருக்கலாம். மறுபடியும் பார்த்து உறுதி செய்துகொண்டு டாக்டரிடம் போங்கள். தாண்டாவிட்டாலும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

சரி, மூலிகைக்கு வருவோம். சர்க்கரை மிகுந்த கரைசலில் வளர்த்த சிறுநீரகச் செல்களை மஞ்சளின் குர்குமின் சாகாமல் காப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே செல்லின் மேல் நேராக ஊற்றுகிறார்கள். நம் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். அதிலும் ரத்தத்தில் சேர்வது துளிதான். குழம்பில் மிளகோடு போட்டுச் சாப்பிடுங்கள், மிளகு அதை உடம்பில் சேர்க்கும். கரண்டி கரண்டியாகக் கலக்கிக் குடிக்காதீர்கள். மஞ்சளில் ஆக்சலேட் உண்டு, மிஞ்சினால் சிறுநீரகத்திலேயே படியும்.

சர்க்கரைக்குக் கேட்கும் சிறுகுறிஞ்சான் இலையை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு நாக்கில் சீனி போடுங்கள். மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். அசல் இலையா என்று கடையில் இப்படித்தான் காட்டுவேன். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாகச் சேர்க்கக் கூடாது, லோ சுகர் ஆகிவிடும். டாக்டர் சரி என்றால், ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. இரண்டு வாரம் குளுக்கோமீட்டர் எண்ணை நோட்டில் குறியுங்கள். என் சித்தப்பா பெயரில்லாத பொட்டலம் ஒன்றைச் சந்தையில் வாங்கித் தின்று, கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். சர்க்கரை 48. உள்ளே என்ன இருந்ததோ!

ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் கேட்டால் நான் தருவதில்லை. அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிட்னியையே தின்றுவிடும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை விழுங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது இதனால்தான்.

டாக்டர் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதினால், “இங்கிலீஷ் மருந்து வேண்டாம்” என்று சிலர் என்னிடம் ஓடி வருகிறார்கள். 1835இல் ஆப்பிள் மரப்பட்டையில் கண்டெடுத்த ஃப்ளோரிசின்தான் அதற்கு மூதாதை என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். சிறுநீரகம் கெடுவதை அது தள்ளிப்போடுவது 2020இல் பெரிய ஆய்விலேயே தெரிந்தது. வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிட முடியாமல் படுத்தால் மட்டும், அதை நிறுத்தி வைக்கவேண்டுமா என்று டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.