சிம்ப்சன்ஸ் நான்காம் பருவத்தைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் முறை

'தி சிம்ப்சன்ஸ்' அனிமேஷன் தொடரின் நான்காம் பருவம் 1992 செப்டம்பரில் தொடங்கி 1993 மே மாதத்தில் முடிந்தது. அதன் 22 பகுதிகளையும் வரிசைப்படி பார்க்கத் தேவையில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இதை நண்பர்களுக்குப் போட்டுக்காட்ட விரும்புபவர், தொழிற்சங்கக் கதையான 17ஆம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ், பல் மருத்துவச் சலுகையை விட்டுக்கொடுத்தால் ஒரு பீப்பாய் பீர் தருவதாகச் சொல்ல, தொழிலாளர்கள் மகிழ்ச்சியோடு இணங்குகின்றனர். தன் மகள் லிசாவுக்குப் பல் கம்பி தேவைப்படும்போதுதான் இழந்தது என்னவென்று அத்தொழிலாளர்களில் ஒருவரான ஹோமருக்கு உறைக்கிறது. சங்கச் சந்தா கட்டியவர்களும், சம்பள நாளில் கள்ளுக்கடை எவ்வளவை விழுங்கும் என்று அறிந்தவர்களும் இந்தப் பேரத்தை உடனே புரிந்துகொள்வார்கள் என்பதால், இடையில் நிறுத்தி விளக்கவுரை நிகழ்த்த வேண்டாம். (ரசிகர்களுக்கே உரிய கெட்ட பழக்கம் அது.)

அடுத்து, கோனன் ஓ'பிரையன் எழுதிய மோனோரயில் பகுதியைப் போடலாம். பர்ன்ஸ் கட்டிய அபராதப் பணத்தை ஊரே கூடி ஒரு வாய்ச்சாலக்காரனிடம் ஒப்படைக்கும் அக்கதை சிரிப்பின் வேகத்தில் முதலிடம் பெறும். எனினும், மனத்தில் தங்குவதில் சங்கக் கதையே மேல் என்பது என் கருத்து. பழைய காட்சிகளைத் தொகுத்த 18ஆம் பகுதியைத் தயங்காமல் தவிர்த்துவிடலாம்.

வசனங்கள் அதிவேகமாக வருவதால், கிடைக்குமானால் மலாய் வசன வரிகளை முன்கூட்டியே இயக்கிக்கொள்வது நல்லது. குடியும் குத்துவெட்டும் கேலிப்பொருளாக அடிக்கடி வருவதால், சிறு பிள்ளைகள் உறங்கிய பின்னர் தொடங்கவும்.